அஞ்சினான் புகலிடம்

(மகாவீரர் ஜயந்தி விழாவையொட்டித் தேனியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை நாம் உத்தமபாளையம் திருக்குணகிரியைத் தரிசித்தோம். ஊரார் அதனைக் கருப்பணசாமி பாறை என்பர். பாறைச் சரிவில் தீர்த்தங்கரர் திருமேனிகள். அவற்றின் அருகே வட்டெழுத்து. அவ்வெழுத்தினூடே அச்சணந்தி என்னும் பெயர். மதுரையைச் சூழ்ந்த ஆனைமலை, அழகர்மலை, கீழக்குயில்குடி, பழனியை அடுத்த ஐவர்மலை என்று பல குன்றுகளில் இப்பெயரைக் காண்கிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், சாலை வசதியற்ற காலத்தில், ஒரு முனிவர் குன்று குன்றாகச் சென்று அறப்பணி செய்திருக்கிறார். மக்கள் தம்மைத் தேடி வரட்டும் என்று அவர் ஓரிடத்தில் அமர்ந்திருக்கவில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வருவேன்.

விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு ‘சமணமும் மருத்துவமும்’ என்பது. ஏலாதி பாடிய கணிமேதாவியாரும், சிறுபஞ்சமூலம் பாடிய காரியாசானும் நம்மவர். மருந்தின் பெயரையே நீதிநூலுக்குச் சூட்டியவர்கள். அதை விரித்துப் பேசி, நாமும் பெருமிதம் கொண்டு, கைதட்டிக் கலைந்துவிடலாம். பலமுறை அவ்வாறு கலைந்திருக்கிறோம். உடல்நோய்க்கு நம் அறக்கட்டளைகள் செய்துவரும் பணி சிறிதன்று. கண் சிகிச்சை முகாம் நடத்துகிறோம், இரத்ததானம் செய்கிறோம், சர்க்கரை நோய்க்கு இலவசப் பரிசோதனை செய்கிறோம். மனநோய்க்கு என்ன செய்கிறோம் என்று கேட்டால் விடையில்லை. ஆதலால் தலைப்பைச் சற்றே சுருக்கி, வயது வந்தோரின் மனநலத்தைப் பற்றி மட்டும் இன்று பேச அனுமதி வேண்டுகிறேன்.

நான்கு தானங்களை நம் குழந்தைகளும் அறிவர்: அன்னதானம், ஔடததானம், சாத்திரதானம், அபயதானம். அஞ்சி வந்தவர்க்கு ‘அஞ்சேல்’ என்று இடமளிப்பது அபயதானம். தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் ‘அஞ்சினான் புகலிடம்’ என்றொரு தொடர் உண்டு. அச்சமுற்று ஓடி வந்தவனை அவ்வெல்லைக்குள் எவரும் தீண்டலாகாது. மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் ‘சமணமும் தமிழும்’ என்னும் நூலில் நான்கு தானங்களை விளக்குமிடத்தில், இப்புகலிடங்களை நம் அபயதானத்தோடு இணைத்துக் காட்டுகிறார்.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி. தமிழாசிரியனுக்கு அந்தச் சபலம் விடாது. ஆங்கிலேயர் மனநோயாளரை வைத்த இடத்திற்கு ‘அசைலம்’ என்று பெயரிட்டனர். சென்னையில் அத்தகைய இல்லம் 1794இல் தோன்றியது; இன்று கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநலக் காப்பகம் அதன் வழிவந்ததே. அந்தச் சொல்லின் கிரேக்க மூலத்திற்கு, எவரும் தீண்டக்கூடாத புகலிடம் என்பதே பொருள். அதாவது, சொல்லுக்குச் சொல் நம் அஞ்சினான் புகலிடம்! ஆனால் நடைமுறையில் அச்சொல், உள்ளே சென்றவன் வெளியே வர இயலாத மதிற்சுவரைக் குறிக்கலாயிற்று. நம் மொழியிலும் இத்தகைய வீழ்ச்சி உண்டு. ‘பைத்தியம்’ என்பது பித்தம் என்னும் சொல்லோடு உறவுடையது. உடம்பில் பித்தம் மிகுந்ததால் வந்த நோய் என்பதே அதன் கருத்து. மருத்துவன் வாயில் பிறந்த சொல், தெருவில் வசைமொழியாகி நிற்கிறது.

சொல் வீழ்ந்தால் என்ன நேரும் என்பதை 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் கண்டோம். தனியார் காப்பகமொன்றில் விடியற்காலையில் தீப்பிடித்தது. அங்கிருந்தவர்கள் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு வழி தெரியாத தாய் தந்தையர், உடன்பிறந்தோர். வீட்டுக்கு அருகில் மருத்துவம் இல்லை. அக்கம்பக்கத்தார் வாய்க்கும் அஞ்சினார்கள். அந்த அச்சத்திற்குப் புகலிடம் தருவார் இல்லை.

சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூரெடுத்த காதையை மாணவர்க்குப் பாடம் நடத்தும்போதெல்லாம் ஓரிடத்தில் நின்றுவிடுவேன். புகார் நகரின் ஐவகை மன்றங்களுள் ஒன்றில் நெடுங்கல் நிற்கிறது. பிறர் வஞ்சனையால் மருந்தூட்டப்பட்டு அறிவு மயங்கியோர், நஞ்சுண்டோர், பாம்பு கடித்தோர், பேய் பிடித்தோர் ஆகியோர் அதனை வலம் வந்து தொழத் துயர் நீங்குமாம். கல் நோயைத் தீர்க்குமா என்று வினவாதீர்கள். அந்தக் கல் எங்கே நின்றது என்பதைப் பாருங்கள். ஊருக்கு வெளியே அன்று. மக்கள் கூடும் மன்றத்தில். மயங்கியவனும் பாம்பு கடித்தவனும் ஒரே இடத்திற்கு வந்தனர். அறிவு மயங்கியவனுக்கென்று தனிச் சுவர் எழுப்பப்படவில்லை. மாறாக மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், தெருவில் பித்தனொருவன் திரிகிறான். அவன் துன்பத்தைக் கண்டு ஒரு கூட்டம் நிற்கிறது. பார்த்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். இந்த இரண்டு காட்சிகளும் இன்றுவரை நம் ஊர்களில் தொடர்கின்றன. பெரும்பாலும் இரண்டாவது.

இனி இந்தப் பள்ளத்தாக்கிற்கு வருவோம்.

பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்கு 10.6 பேர் ஏதேனும் ஒரு மனநலக் குறையோடு வாழ்கின்றனர். அவர்களுள் பத்தில் ஏழு முதல் ஒன்பது பேர் வரை, நோயின் வகைக்கேற்ப, சிகிச்சையே பெறாதவர்கள். தேனி மாவட்ட மக்கள்தொகை 2011 கணக்கின்படியே 12 லட்சத்து 45 ஆயிரத்துக்கு மேல். அவ்விகிதத்தை இங்கே பொருத்தினால் எண்ணிக்கை பல்லாயிரங்களைத் தொடும். மனச்சோர்வு, பதற்றம், மனச்சிதைவு, இருதுருவ மனநோய், குடிநோய் என்று பெயர்கள் பலவாயினும், வீட்டார் முதலில் சொல்வது ஒன்றே: ‘கொஞ்ச நாளாகச் சரியில்லை.’

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு, குறித்த நாள்களில் வட்டார மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. கர்நாடகத்தின் பெல்லாரியில் சோதித்துப் பார்க்கப்பட்ட அந்தத் திட்டம் 1996இல் நாட்டளவில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் முதலில் திருச்சியில் வந்தது. தெருவில் ஆதரவின்றித் திரியும் மனநோயாளர்க்காகத் தேனி உட்படச் சில மாவட்டங்களில் அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களும் ஏற்பட்டுள்ளன. மருந்துக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் மருந்துக்கும் வாய்க்கும் இடையே ஒரு சாலை கிடக்கிறது.

கூடலூர், கம்பம் பகுதி உழைப்பாளர் வாழ்வை அறிந்தவர்க்கு இது விளங்கும். விடிவதற்கு முன்னரே ஜீப்புகள் குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்குப் புறப்பட்டுவிடும். போடியிலிருந்து போடிமெட்டு ஏறும். திரும்பி இறங்க மாலை ஆகும். மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவோ முற்பகலில் நடக்கிறது. கம்பத்திலிருந்து தேனிக்கே சுமார் 40 கிலோமீட்டர், அங்கிருந்து க.விலக்குக்கு மேலும் செல்லவேண்டும். மனநோயாளரைத் தனியே அனுப்ப இயலாது. உடன் ஒருவர் வேண்டும். ஆகவே மாதத்திற்கொரு முறை மாத்திரை வாங்க இரண்டு பேரின் ஒருநாள் கூலி போகிறது. பேருந்துக் கட்டணம் தனி. இலவச மருந்தின் உண்மை விலை இதுதான். இதைக் கணக்கில் எடுக்காமல், ‘மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று மேடையில் பேசுவது எளிது. எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை.

சின்னமனூரை அடுத்த சிற்றூரில் நாற்பது வயதை ஒட்டிய ஒரு சகோதரியை அறிவேன். ஊரையும் குடும்பத்தையும் சொல்லமாட்டேன். யாரோ தம்மைப் பற்றி ஓயாமல் பேசுவதாக அவர் காதில் குரல்கள் கேட்கும். சிகிச்சை தொடங்கியபின் குரல்கள் அடங்கின, சமைத்தார், திராட்சைத் தோட்டத்தில் வேலைக்கும் சென்றார். மூன்று முறை மருந்து நின்றது. முதல் முறை அறுவடைக் காலம், உடன் வர ஆளில்லை. இரண்டாம் முறை, ‘சரியாகிவிட்டதே, இனி எதற்கு’ என்று மாமியார் சொன்னார். மூன்றாம் முறை, மருந்து வாங்கப் போன நாளில் மருத்துவர் விடுப்பு. மூன்று முறையும் குரல்கள் திரும்பின. ஒவ்வொரு முறையும் முன்னைவிட நீண்ட காலம் படுக்கையில் கிடந்தார். நான்காம் முறை நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டவர் பக்கத்து வீட்டுப் பெண்மணி. அவர் செவிலியரும் அல்லர், படித்தவரும் அல்லர். மாதம் ஒருமுறை உடன் பேருந்தில் ஏறினார். இரவில், ‘மாத்திரை போட்டாயா தாயி?’ என்று சுவருக்கு அப்பாலிருந்து கேட்டார். அவ்வளவே. நான்கு ஆண்டுகளாக அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

மருந்தின் இயல்பை அறியாததால் வரும் கேடு இது. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரை உண்ட முதல் வாரத்தில் வாய் வறட்சி, குமட்டல் போன்ற பக்க விளைவுகளே முந்திக்கொண்டு வரும். பயன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் பலர் நிறுத்திவிடுகின்றனர். குணமான பிறகும் பல மாதங்கள் மருந்தைத் தொடர வேண்டும். மனச்சிதைவுக்கு ஆண்டுக்கணக்கில் தேவைப்படலாம். நாள்தோறும் விழுங்க மறுப்போர்க்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. லித்தியம் உண்போர் அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையைப் பற்றி இவ்வளவும் நம் வீட்டுப் பாட்டிமார்க்குக்கூடத் தெரியும். இதைப் பற்றி மட்டும் யாரும் சொல்லித்தருவதில்லை.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. மனநல சிகிச்சைக்காக எவரும் நெடுந்தொலைவு செல்ல நேரக்கூடாது, வாழும் இடத்திற்கு அருகிலேயே அது கிடைக்க வேண்டும் என்று அதன் 18ஆம் பிரிவு கூறுகிறது. சங்கிலியால் பிணிப்பதை 95ஆம் பிரிவு அறவே தடை செய்கிறது. கூடலூர்க்காரர் ஒருவர் இந்தப் 18ஆம் பிரிவை எழுதிக்கொண்டு போய் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுத்தால், அது பிச்சை கேட்பதாகாது, உரிமை கேட்பது.

சாலையைச் சுருக்க முடியுமா? சுருக்கியிருக்கிறார்கள். மனநல மருத்துவர் சாரதா மேனன் அவர்களும் உடனிருந்தோரும் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், புதுக்கோட்டை மாவட்டத்திற்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்துக்குள்ளேயே திரை, தொலைவிலிருந்து பேசும் மருத்துவர், மருந்துக்கடை. நோயாளி தம் ஊர் நிறுத்தத்திலேயே மருத்துவரைக் கண்டு மருந்தும் பெற்று வீடு திரும்பினார். 2010இல் தொடங்கியது. கம்பம் பள்ளத்தாக்கு போன்று ஒரே நெடுஞ்சாலையின் ஓரமாக ஊர்கள் கோத்திருக்கும் நிலப்பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

மற்றொன்று, நம்மவர் மிகுதியாக வாழும் வடபகுதியிலேயே நடந்தது. காஞ்சிபுரம், கோவா, சாத்தாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு நோயாளர் இல்லங்களுக்கு, மருத்துவரல்லாத ஊர்ப்பணியாளர்களைப் பயிற்றுவித்து அனுப்பினார்கள். மருந்து தவறாமல் பார்ப்பது, குடும்பத்தாரிடம் பேசுவது, வேலைக்குத் திரும்ப உதவுவது அவர்கள் பணி. மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றோரைவிட இவர்கள் கூடுதலாகத் தேறினர் என்றும், அந்த வேறுபாடு தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் தெளிவாகத் தெரிந்தது என்றும் 2014இல் லான்செட் இதழ் வெளியிட்டது. சுவருக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்த அந்தப் பெண்மணி செய்ததும் அதுவன்றோ!

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. (அவ்வூர்ப் பெயரைக் கேட்ட தமிழ்ச் சமணர் காதில் வேறோர் ஒலி கேட்டிருக்கும், அது நிற்க.) சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை தரும் ஏற்பாடு அது. பணியாளர் வாசலுக்கு வருகிறார்; பெயர்ப் பட்டியல் கையில் இருக்கிறது; பை தோளில் இருக்கிறது. மருத்துவர் முடிவு செய்துவிட்ட மனநல மாத்திரையும் அதே பையில் ஏறினால், கூலி இழப்பும் பேருந்தும் பெருமளவு தீரும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. அச்சணந்தி குன்று குன்றாகச் சென்றதை ஏன் நினைவில் வைக்கச் சொன்னேன் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

இவ்விடத்தில், சொல்ல மனம் கூசுகின்ற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது. அவர்களுள் 19,834 பேர் தமிழ்நாட்டினர்; மகாராட்டிரத்திற்கு அடுத்த இடம். உழவு நிலத்தில் பூச்சிமருந்து வீட்டுக்குள்ளேயே இருக்கும். கணநேர வேதனையில் கைக்கு எட்டுவது உயிரைப் பறித்துவிடும். அந்தக் கணம் கடந்துவிட்டால் பெரும்பாலோர் வாழ விரும்புகின்றனர். 1986இல் சென்னையில் ‘சினேகா’வைத் தொடங்கிய மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் அவர்களும் குழுவினரும் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் ஒரு முயற்சி செய்தனர். வங்கிப் பெட்டகம் போன்று, ஊர்ப் பொது இடத்தில் பூட்டுடைய பெட்டிகள். உழவர் தம் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைத்து, வேண்டும்போது எடுத்துச் செல்வர். திராட்சையும் காய்கறியும் விளையும் இந்தப் பள்ளத்தாக்கில், கொல்லாமையை முதல் நோன்பாகக் கொண்ட நாம் செய்யத்தக்க பணி இது. ஓர் ஊரில் தொடங்கினால் போதும். உயிர் பிழைத்தவரைக் குற்றவாளியாக நடத்தும் காலமும் போய்விட்டது: கடும் மன அழுத்தத்தால் செய்ததாகவே அவர் செயலைக் கருதவேண்டும் என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309ஆம் பிரிவே இல்லை. இந்நேரம் எவரேனும் அத்தகைய வேதனையில் இருப்பின், 14416 என்னும் கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

இதுவரை பள்ளத்தாக்கு மக்களைப் பற்றிப் பேசினேன். இனி நம்மைப் பற்றி.

நாம் சிறிய சமூகம். யார் வீட்டுப் பெண் யார் வீட்டில் வாழ்கிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் சில நூறு ஊர்களுக்குள். ஆதலின் ஒரு வீட்டில் அண்ணனுக்கு மனநோய் என்றால் தங்கையின் திருமணம் நின்றுவிடும் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் பொய்யன்று. நின்றுபோன திருமணங்களை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். எனவே நோயை மறைக்கிறார்கள். அடுத்த மாவட்டத்திற்குச் சென்று, வேறு பெயரில் சீட்டு வாங்கிச் சிகிச்சை பெறுகிறார்கள். அல்லது பெறாமலே விடுகிறார்கள். இதற்கு நம் நூலையே துணைக்கு அழைப்போரும் உண்டு. நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் உபகூகனம் ஒன்று. அறநெறியில் நிற்பவரின் குறையைத் தூற்றாமல் மறைத்தல். ‘நாங்கள் மறைப்பதும் உபகூகனமே’ என்றார் ஒரு பெரியவர்.

அவருக்கு அன்று சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ஐயா, மறைப்பதற்கு அது குற்றமே அன்று. காய்ச்சலை யாரும் உபகூகனம் செய்வதில்லை. நோயாளியின் செய்தியை ஊரில் பரப்பாமல் காப்பது வேறு. சட்டமும் அந்த மறைகாப்பை அவருக்கு உரிமையாக்கியிருக்கிறது. நோயாளியையே அறைக்குள் ஒளித்து மருந்தின்றி வைப்பது வேறு. உபகூகனத்தை அடுத்து வரும் உறுப்பு ஸ்திதிகரணம்; தடுமாறுபவரைத் தாங்கி நிலைநிறுத்துதல். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? பிறர் உடம்பின் நோயையும் அழுக்கையும் கண்டு அருவருக்காமை நிர்விசிகிச்சை; அதை ஏன் விட்டீர்கள்? எட்டில் நமக்கு வசதியான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாகாது.

‘எல்லாம் வினைப்பயன்’ என்பார்க்கு ஒரு சொல். துன்பம் தரும் வேதனீய வினையால் நோய் வருகிறது என்பது நம் கொள்கைதான். ஆயின் அதே ஆகமம்தான் ஔடததானத்தைக் கடமையாக விதிக்கிறது. வினையை நம்பியவர் மருந்து கொடுக்கக் கூடாது என்றால், பசியும் வினையே, அன்னதானமும் கூடாதென்றாகும். மந்திரவாதியிடம் பொருள் இழப்போர்க்கோ நான் புதிதாக எதுவும் சொல்லவேண்டியதில்லை. அருங்கலச்செப்பு மூடங்களை வகுத்துச் சொல்லியிருக்கிறது. ஆனால் கோயிலுக்கும் தர்காவுக்கும் செல்லும் ஏழை எளியவரை எள்ளி நகைப்பதும் தகாது. ஏர்வாடியிலேயே, வழிபாட்டைத் தடுக்காமல் அதன் அருகிலேயே மருந்தும் கிடைக்கச் செய்யும் ஏற்பாட்டை, 1992இல் மதுரையில் தோன்றிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை பின்னர்ச் செய்திருக்கிறது. துவாவும் தவாவும், அதாவது வேண்டுதலும் மருந்தும், ஒருங்கே.

இன்னொன்று. இதைப் பேசலாமா என்று பலமுறை எண்ணிப் பார்த்தே பேசுகிறேன். முதியோர் சிலர் உணவைக் குறைத்து, பேச்சைக் குறைத்து, ஒருநாள் உண்ண மறுத்துவிடுகிறார்கள். குடும்பத்தார் அதனைச் சல்லேகனை என்று கருதிப் பெருமிதம் கொள்வதும் உண்டு. சில வேளைகளில் அது மனச்சோர்வாக இருக்கலாம். பசியின்மை, உறக்கமின்மை, ‘நான் யாருக்கும் பாரமாக இருக்கிறேன்’ என்னும் சொல் ஆகியவை அந்நோயின் குறிகள். முதுமையிலும் அது சிகிச்சையால் தீரக்கூடியது. சல்லேகனைக்கு நம் ஆசாரியர்கள் விதித்த எல்லைகள் கடுமையானவை. தீர்க்கவியலாத நோயும் முதுமையும் பஞ்சமும் இடுக்கணும் போன்ற நிலைகளில் மட்டுமே. ஆசாரியரின் இசைவோடு மட்டுமே. சாவை விரும்புதலே அந்நோன்புக்குக் குற்றம் என்று தத்துவார்த்த சூத்திரம் சொல்கிறது. வேதனை தாளாமல் சாவை நாடுபவர் அந்த நோன்பின் வாயிலிலேயே நிற்கவில்லை.

இரத்தினகரண்டகம் அருளிய சமந்தபத்திரரைப் பற்றி வழங்கும் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. தீராப் பசிநோயால் வாடிய அவர் சல்லேகனைக்கு இசைவு வேண்டினார். குரு மறுத்தார். துறவுக்கோலத்தை நீக்கியேனும் நோயைத் தீர்த்துக்கொள், உன்னால் ஆகவேண்டிய அறப்பணி உண்டு என்று அனுப்பினார். சமந்தபத்திரர் குணமாகி மீண்டும் தீக்கை பெற்றார். குரு அன்று இசைந்திருந்தால் நமக்கு இரத்தினகரண்டகம் இல்லை. அதனைத் தழுவிய அருங்கலச்செப்பும் இல்லை. 2015இல் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சந்தாரா நோன்பைத் தற்கொலையோடு இணைத்துத் தீர்ப்பளித்தபோது நாடெங்கும் சமணர் வீதிக்கு வந்தோம். அதே மாதம் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. நோன்பு வேறு, தற்கொலை வேறு என்று உரத்துச் சொன்னோம். அப்படியானால் வேறுபாட்டை அறியும் பொறுப்பும் நமக்கே. முதியவர் உண்ண மறுத்தால், பண்டிதரை அழைப்பதற்கு முன் மருத்துவரை அழையுங்கள்.

அறக்கட்டளையார்க்கு என் விண்ணப்பம் பெரிதன்று. மருத்துவமனை கட்டச் சொல்லவில்லை. கட்டினால் மீண்டும் ஒரு சுவர். மாதத்தில் ஒருநாள், வேலைக்குச் செல்வோர் வரக்கூடிய ஞாயிறு மாலையாயின் நன்று, கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ ஓர் இடம் எடுத்து, மாவட்ட மனநலக் குழுவை அழைத்துக்கொள்ளலாம். அரசுக் குழு ஞாயிறன்று வர இயலாதெனில், தொலைபேசித் திரை வழியாக மருத்துவரைக் காணச் செய்யலாம். வாசலில் ‘மனநோய் முகாம்’ என்று துணிப்பதாகை கட்டவேண்டாம். ‘மருத்துவ முகாம்’ என்று மட்டும் எழுதுங்கள். சர்க்கரைக்கு வருபவரும் இதற்கு வருபவரும் ஒரே வரிசையில் நிற்கட்டும், புகாரின் நெடுங்கல் மன்றத்தில் நின்றதுபோல. மருந்துநாளில் உடன் செல்ல ஆளில்லாத குடும்பங்களுக்குத் துணைக்கு ஒருவரை அனுப்புங்கள். இழந்த கூலியில் ஒரு பகுதியையேனும் ஔடததானக் கணக்கில் எழுதுங்கள். மருத்துவக் காப்பீடு எடுத்திருப்போர் தம் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்பது சட்டம். ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2016 மனநோயையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது; சான்றிதழ் பெறுவதற்கு அலையவேண்டியிருக்கும், அந்த அலைச்சலிலும் துணை தேவை. தொண்டை நாட்டு ஊர்களிலும் இதையே செய்யலாம். அங்கே ஜினாலயத்துக்குரிய மண்டபங்கள் ஆண்டில் பெரும்பாலான நாள்கள் பூட்டியே கிடக்கின்றன.

திருமணப் பேச்சைப் பற்றி மட்டும் தீர்மானம் எதுவும் கேட்கமாட்டேன். தீர்மானத்தால் ஆவதில்லை. அடுத்த முறை ஒரு வரன் வரும்போது, ‘அவன் அண்ணனுக்கு ஏதோ…’ என்று எவரேனும் குரலைத் தாழ்த்தினால், ‘மருந்து எடுத்துக்கொள்கிறாரா?’ என்று மட்டும் கேளுங்கள்.

சூரியன் சாய்வதற்குள் உணவு முடிய வேண்டும். சமையற்கட்டிலிருந்து இரண்டு முறை ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. வாசலில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். மாதத்தில் ஒருநாள் நோயாளியுடன் பேருந்தில் செல்ல இசைவோர் பெயரும் ஊரும் எழுதலாம். ஆடவர் பெண்டிர் இருபாலரும் தேவை. மகளிர் நோயாளர்க்கு மகளிரே துணை செல்லவேண்டும் என்பதால், தாய்மார்கள் கூடுதலாகப் பெயர் தரவேண்டுகிறேன்.